தொண்டையில் இரண்டு விரல்

இருங்கள் அக்கா, ஒரு நிமிடம். அறிவிப்பு வரப் போகிறது. நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ம்.

ம்ம்.

முடிந்தது. இனிப் பேசலாம். பார்த்தீர்களா? அந்த வெள்ளை வேட்டிப் பெரியவர், கைக்குழந்தையோடு நின்ற அத்தை, மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மூன்று கொத்தனார்கள், எல்லாரும் யாரைப் பார்த்தார்கள்? ஒலிபெருக்கியையா? இல்லை. பலகையையா? இல்லை. என் வாயைப் பார்த்தார்கள். மூடியிருந்தது. உடனே எழுந்து இரண்டாம் தடத்துக்குப் போய்விட்டார்கள். இந்தப் பேருந்து நிலையத்துக்கு ஒரு நாளில் வந்து போகிற பேருந்தெல்லாம் என் வாயைப் பார்த்துத்தான் நிரம்புகிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கடலைமிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா கடையில் போட்டது. "ஏட்டி செம்பா, யாருட்டி அது? வாங்க வந்தவகளா, வாய் பாக்க வந்தவகளா?"

திரும்பிவிட்டீர்கள்! அது அம்மா இல்லை அக்கா, நான்தான். அம்மா முறுக்கு அடுக்கிக்கொண்டிருக்கிறாள் பாருங்கள், உதடுகூட அசையவில்லை. எல்லாரும் திரும்புவார்கள். எங்கள் அப்பாவே திரும்புவார், அதுவும் பயந்துபோய்த் திரும்புவார்.

செண்பகவல்லி என் பெயர். போன வருஷமே பிளஸ் டூ முடித்துவிட்டு அம்மா கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டால் போதும், எந்தக் குரலும் என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது உங்களிடம் பேசுகிறேனே, இதுகூட எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நிகழ்ச்சி தொகுத்து வழங்கிய கவிதா மிஸ்ஸின் குரல். வெளியூர்க்காரர்களுக்கு இதைத்தான் எடுத்து வைப்பேன்.

நீங்கள் வெளியூர்தான். கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். உள்ளூர்க்காரர்கள் அட்டை கிடைத்தால் குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார்கள். காலையில் அரை மணி நேரம் டைம் கீப்பர் ரூமில் இருந்தீர்கள். வெளியே வந்து நேராக என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அத்தனை பெஞ்சு காலியாகக் கிடக்க, என் பக்கத்தில். டி.வி.யா? போலீஸா? சரி, நான் கேட்கவில்லை. ஆனால் சும்மா வந்து உட்கார்ந்ததாக மட்டும் சொல்லாதீர்கள், எனக்குச் சந்தேக புத்தி. அம்மா வயிற்றிலேயே கூட வந்தது.

ஏன் எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள் என்றுதானே கேட்டீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். பேனா ஓடுகிறதா?

பொங்கல் முடிந்த வாரம் அக்கா. அதுவரை இங்கே அறிவிப்பு என்றால் டைம் கீப்பர் இசக்கியப்பன் மாமாதான். வாயில் வெற்றிலை, கையில் மைக். "ழாத்திகொளம் ழோற பழ்ழு அஞ்ழாவது தடத்துல நிக்கி." அதில் பாதி மைக்குக்குப் போகும், பாதி சட்டைக்குப் போகும். ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருந்தது. தினமும் இரண்டு தடவை உறைந்து நின்றுவிடும். மாமா துண்டால் முதுகில் ஒரு தட்டு தட்டுவார், எழுந்துகொள்ளும். ஒருத்தர்கூட அதைக் குறை சொன்னதில்லை. "வயசாச்சுல்லா" என்பார்கள்.

பிறகு ஒரு வேனில் புதுசு வந்து இறங்கியது. கம்ப்யூட்டர் மட்டுமில்லை அக்கா, அதை ஓட்டுகிற ஆப்பரேட்டிங் சிஸ்டமே புதுசாம். பலகை, கடிகாரம், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் அது ஒன்றே நடத்துமாம். சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம், சூடம். சூடத்தை நெருங்கக் காட்டியதில் கம்பெனிக்காரர் ஒருவர் "சார், சென்சார், சென்சார்!" என்று பதறினார். ரிப்பன் வெட்டினார்கள். அப்புறம் அந்தக் குரல் வந்தது.

"பயணிகளின். கனிவான. கவனத்திற்கு. விளாத்திகுளம். செல்லும். பேருந்து. தடம் எண். ஐந்தில். புறப்பட. தயாராக. உள்ளது."

பயப்படாதீர்கள், நான்தான். எப்படி? அப்படியே இல்லை? ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற மாதிரி. ஊரில் அவளுக்குப் பட்டணத்தம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே ஒருவர் பாருங்கள், பாதி எழுந்துவிட்டு என்னைப் பார்த்ததும் உட்காருகிறார். "அண்ணே, நான்தான்! உக்காருங்க!" ஹா!

பட்டணத்தம்மா வந்ததில் ரொம்ப சந்தோஷப்பட்டது ஜெசிந்தா டீச்சர்தான். விளாத்திகுளத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பிறவியிலேயே கண் தெரியாது. மத்தியானம் பாட்டு வகுப்பு, அதனால் பன்னிரண்டு பத்து வண்டியில்தான் போவார்கள். பதினோரு வருஷமாக இங்கே வந்து நின்று "தம்பி, விளாத்திகுளம் எதுப்பா, அம்மா, விளாத்திகுளம் எதும்மா" என்று முகம் தெரியாத ஆட்களிடமெல்லாம் கேட்டுத்தான் ஏறுவார்கள். புது சிஸ்டம் வந்த அன்று கம்பை ஊன்றித் தானே ஐந்தாம் தடத்துக்குப் போய்த் தானே ஏறினார்கள். மறுநாள் எங்கள் கடையில் நின்று அம்மாவிடம், "யாரையும் கேக்காம ஏறுனேன் மாரியம்மா, மொதத் தடவை" என்று சொல்லும்போது டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அம்மா முறுக்கைச் சும்மாவே கொடுத்துவிட்டாள். அம்மா சும்மா கொடுத்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பத்து நாள்தான் அக்கா. பதினோராம் நாள் மத்தியானம் பன்னிரண்டு அடித்தது. பட்டணத்தம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. பகல் பன்னிரண்டை ராத்திரி பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டு, ராத்திரிப் பட்டியலைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பகலில் விளாத்திகுளம் ஐந்தாம் தடம், ராத்திரிப் பட்டியலில் மூன்றாம் தடம். பகலில் மூன்றில் நிற்பது சாத்தூர் வண்டி. புரிகிறதா? அவள் "மூன்று" என்றாள், ஒரு கும்பல் மூன்றில் ஏறியது, விளாத்திகுளத்துக் கல்யாணத்துக்குப் புறப்பட்ட சீர்த்தட்டு இருபத்தொன்றும் சாத்தூருக்குப் போய்விட்டது. மூன்று நாள் இப்படியே. பன்னிரண்டு முதல் ஒன்றுவரை பைத்தியம், ஒன்றுக்கு மேல் தெளிவு. டீச்சர் மட்டும் தப்பித்தார்கள், அந்த மூன்று நாளும் அவர்களுக்குக் காய்ச்சல்.

நாலாம் நாள் சரியாகிவிட்டது என்றார்கள். இங்கேதான் கவனியுங்கள், இதை எழுதுங்கள். யாரும் வரவில்லை. வேன் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் எடுக்கவில்லை, மூடியைக் கழற்றவில்லை. சென்னையிலிருந்து ஒரு போன். "அங்கேயிருந்தே சரி பண்ணிட்டோம் சார்." அவ்வளவுதான். இதை எந்த ஊர் நம்பும்? பழைய கம்ப்யூட்டருக்கு மாமா முதுகில் தட்டுவதையாவது கண்ணால் பார்த்தோம்.

அன்று சாயங்காலமே ஆளுக்கொரு கதை. பூஜையில் குங்குமம் உள்ளே போய்விட்டது என்றார் ஒருவர். "இசக்கியப்பனே ஒயரைப் புடுங்கிருப்பான், மைக்கை விட மனசில்லல்லா" என்றார் ஒருவர். வெள்ளை வேட்டிப் பெரியவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "அது பஸ்ஸுக்கு வச்சதில்லடே. நாம பேசுததை ஒட்டுக் கேக்க வச்சது." அதற்கப்புறம் பத்து நாள் அந்த ஒலிபெருக்கிக்குக் கீழே யாரும் மருமகளைப் பற்றிப் பேசவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் என்னைப் போல ஒருத்தி சும்மா இருக்க முடியுமா? நியாயமாகச் சொல்லுங்கள்.

வாழைப்பழ வண்டி மாடசாமி அண்ணன் மத்தியானம் மர நிழலில் சாய்ந்துவிடுவார். அவருடைய ஒலிபெருக்கி பேட்டரியில் ஓடுவது. அதைக் கடைக்குப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டேன். "பயணிகளின். கனிவான. கவனத்திற்கு. நகராட்சி ஆணையர். தன் இடதுகால் செருப்பை. கழிப்பறையில். விட்டுச் சென்றுள்ளார்." இரண்டு பேர் போய்த் தேடினார்கள் அக்கா! "இசக்கியப்பன் மாமா. வெற்றிலையை. துப்பிவிட்டு. வரவும்." மாமா நிஜமாகவே துப்பினார்! ஊரே "சிஸ்டம் கெட்டுப்போச்சு, சிஸ்டம் கெட்டுப்போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டது. பழி எல்லாம் அதற்கு, சிரிப்பு எல்லாம் எனக்கு. இப்படி ஒரு வசதி யாருக்குக் கிடைக்கும்? கம்பெனியிலிருந்து போன் மேல் போன். "எங்க பதிவுல அப்படி எந்த அறிவிப்பும் இல்லையே சார்." அதற்கு மாமா, "அப்ப நாங்க எல்லாம் செவிடா, இல்ல உங்க பதிவு பொய்யா?"

என்ன அக்கா, பேனா நின்றுவிட்டது? உங்கள் முகம் ஏன் இப்படி ஆகிறது? உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது அந்தக் கம்பெனியில்... சரி, நான் கேட்கவில்லை.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். அதில் என்மேல் தப்பு கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மத்தியானம், பன்னிரண்டு ஐந்துக்கு, சும்மா, பட்டணத்தம்மாவின் பழைய உளறலையே உளறினேன். "விளாத்திகுளம். தடம் எண். மூன்று." அது அவள் செய்த தப்புதானே? நான் திரும்பச் சொன்னேன், அவ்வளவுதான். கண் உள்ளவர்கள் பலகையைப் பார்த்துத் திட்டிவிட்டு ஐந்துக்குப் போனார்கள். டீச்சர் வந்திருந்ததை நான் பார்க்கவில்லை. அதாவது, பார்த்தேன். மூன்றில் ஏறும்போதுதான் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொல்வதற்குள் வண்டி எடுத்துவிட்டார்கள். கையில் மாடசாமி அண்ணனுடைய ஒலிபெருக்கி வேறு, அதைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடுவது?

வழியில் கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுதான் தெரிந்ததாம். நாற்கரச் சாலையில், கிளைச் சாலை பிரிகிற ஒரு விலக்கில் இறக்கிவிட்டுவிட்டார். மாசி வெயில். இரண்டு மணி நேரம். மரம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல். அங்கே கேட்பதற்குக்கூட ஒரு ஆள் இல்லை.

டீச்சருடைய தம்பி ஆரோக்கியம், மரக்கடையில் வேலை. அன்றே சொல்லிவிட்டார். "போதும்க்கா. உன்னையும் நம்ப முடியல, அந்த மெஷினையும் நம்ப முடியல. வேலைய விட்டுரு." விருப்ப ஓய்வுக் கடிதம்கூட அவரே எழுதி, டீச்சர் விரலைப் பிடித்துக் கையெழுத்தும் வாங்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டீச்சர் கெஞ்சி ஒரு தவணை வாங்கினார்கள். முப்பது நாள். முப்பது நாளும் தனியாக, யாரையும் கேட்காமல், ஒரு தப்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் கடிதத்தைக் கிழித்துவிட வேண்டும். ஒரு நாள் பிசகினாலும் கொடுத்துவிடலாம். தினமும் ஒன்றேகாலுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன் அடிப்பார். "அக்கா வந்தாச்சா?" அதே நிமிஷம், பிசகாமல்.

இன்று முப்பதாவது நாள் அக்கா.

அதற்கு முன்னால் நான் பிடிபட்ட கதையைச் சொல்ல வேண்டும், அதுதான் தமாஷ். டீச்சர் சாத்தூர் வண்டியில் ஏறிய மறுநாள். நான் நன்றாக மெய்மறந்து அறிவித்துக்கொண்டிருக்கிறேன். மின்சாரம் போய்விட்டது. மின்விசிறி நின்றுவிட்டது, பலகை இருண்டுவிட்டது, மாமா ரூம் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. பட்டணத்தம்மா மட்டும் "தயாராக. உள்ளது. ஏறுபவர்கள். ஏறவும்" என்று பேசிக்கொண்டே இருக்கிறாள்! பேருந்து நிலையமே மெதுவாக எங்கள் கடைப்பக்கம் திரும்பியது. மாமா வந்து எட்டிப் பார்த்தார். "அட செத்த மூதி!" அம்மா அடிக்க முறுக்குத் தட்டை எடுத்தாள். முறுக்கை இறக்கி வைத்துவிட்டு எடுத்தாள் என்பதுதான் அம்மாவிடம் எனக்குப் பிடித்தது.

ஆனால் பாருங்கள், நான்தான் என்று தெரிந்த பிறகும் ஊர் மெஷினை நம்பவில்லை. எது அவள், எது நான் என்று யாருக்குத் தெரியும்? மாமாதான் வழி கண்டுபிடித்தார். கடிகாரத்துக்குக் கீழே, எல்லாக் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இந்த பெஞ்சில் என்னை உட்கார வைத்தார். "காலையில எட்டு மணிக்கு வாரே, சாயங்காலம் ஆறுக்குப் போறே. சத்தம் வரும்போது எல்லாரும் இவ வாயப் பாருங்க. மூடியிருந்தா அது மெஷின். நம்பி ஏறலாம்."

தண்டனை என்று நினைத்துவிட்டார் பாவம். யோசித்துப் பாருங்கள் அக்கா, அத்தனை செலவழித்துச் செய்த சிஸ்டம். அதை நம்பாத ஊர் என் வாயை நம்புகிறது. அதற்குச் சர்டிபிகேட் நான்!

டீச்சருக்கு வாய் தெரியாதே என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எனக்கு ஒன் வாய் தெரியாது செம்பா. தொண்டையைக் குடு" என்றார்கள். அறிவிப்பு வரும்போது இரண்டு விரலை என் தொண்டையில், இதோ இந்த இடத்தில், வைத்துக்கொள்வார்கள். அதிராவிட்டால் மெஷின். எழுந்து போய்விடுவார்கள். இருபத்தொன்பது நாளாக அப்படித்தான். அந்த விரல் ரொம்பக் குளிர்ச்சி அக்கா. வைத்தவுடன் எனக்கு எச்சில்கூட விழுங்க முடியாது.

அதோ, கம்பு சத்தம். டீச்சர்தான். நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். தினமும் வந்தவுடன் "இன்னிக்கு யாரு குரலு?" என்று கேட்பார்கள், நானும் தினம் ஒரு ஆளாக வணக்கம் சொல்வேன். நேற்று நகராட்சி ஆணையர்.

"வாங்க ஜெசிந்தா! ஏழாம் வகுப்பு கூச்சல் என் ரூம் வரைக்கும் கேக்குது!"

சிரிக்கிறார்கள் பாருங்கள். அவர்கள் ஹெச்.எம். குரல். இங்கே உட்காருங்கள் டீச்சர். ஆமாம், முப்பது. ஆமாம், பையில் ஆரோக்கியம் அண்ணனுக்கு அல்வாவா? கடிதத்தைக் கிழித்த பிறகு கொடுக்கவா? கொடுங்கள், கொடுங்கள். பக்கத்தில் யாரா? ஒரு அக்கா. பெயர் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

அக்கா, மடியில் கம்ப்யூட்டர் எப்போது திறந்தீர்கள்? மூடியில் அந்த நீலக் கம்பெனிக் குறி... எங்கள் பலகையின் ஓரத்தில் இருப்பதும் அதே குறிதானே? அப்படியானால் நீங்கள் டி.வி. இல்லை. போலீஸ் இல்லை. இசக்கியப்பன் மாமா ரூமில் அரை மணி நேரம் என்ன செய்தீர்கள்? புதுசா? சிஸ்டத்துக்குப் புதுப் பதிப்பா? இன்றைக்கா ஏற்ற வேண்டும்? சரியாக இருக்கும் என்கிறீர்கள். சரி. பன்னிரண்டாகிவிட்டது. விரல் வந்துவிட்டது. நான் பேசக் கூடாது.

ம்.

ம்...

அக்கா. அவள் மூன்று என்றாள்.

நீங்களும் கேட்டீர்கள்தானே? மூன்றாம் தடம் என்றாள். அங்கே பாருங்கள், விளாத்திகுளம் வண்டி ஐந்தில் நிற்கிறது, கண்ணாடியில் எழுதியிருக்கிறது. ராத்திரிப் பட்டியல் அக்கா, மறுபடியும் ராத்திரிப் பட்டியல்! பலகையும் மூன்று என்றே காட்டுகிறது. என் வாய் மூடியிருந்தது, எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் மூன்றுக்குப் போகிறார்கள். டீச்சரும் எழுந்துவிட்டார்கள்.

டீச்சர்! ஏறாதீர்கள்! எல்லாரும் நில்லுங்கள், அது தப்பு!

கேட்டீர்களா, "வாய மூடுட்டி மூதி, இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டியா" என்கிறார்கள். சிரிக்கிறார்கள். அம்மாகூடத் தட்டை எடுக்கிறாள். அக்கா, நீங்கள் சொல்லுங்கள். உங்கள் குரல் இங்கே யாருக்கும் தெரியாது, நம்புவார்கள். எழுந்து, எங்கள் சிஸ்டம் தப்பாகச் சொல்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? சென்னைக்கா போன் போடுகிறீர்கள்? அதற்குள் வண்டி எடுத்துருவான் அக்கா! டீச்சர் படியில கால வச்சுட்டாங்க!

விடுங்க. நானே போறேன்.

தள்ளுங்கண்ணே. தள்ளுங்க, தள்ளுங்க. டீச்சர்! நில்லுங்க டீச்சர், கைப்பிடிய விடுங்க. வெரலக் குடுங்க. ரெண்டு வெரலும். இந்தா, இங்க. அதிருதா? நான்தான் பேசுதேன். மெசின் இல்ல, நான். இது சாத்தூரு வண்டி டீச்சர். ஒங்களுது அஞ்சுல நிக்கி. சத்தியமாத்தான் சொல்லுதேன். அன்னிக்கு மூணுன்னு சொன்னது நாந்தான், பாத்துக்கிட்டேதான் நின்னேன், ஓடி வரல. இன்னிக்கு நான் இல்ல.

என்ன டீச்சர்? யாரு குரலா?

யாரோடதும் இல்ல டீச்சர். நீங்க இத கேட்டதில்ல. எங்க அம்மா அடிக்கும்போது மட்டுந்தான் இது வரும்.

ஐயோ, விசில் அடிச்சுட்டான். எறங்குங்க, கம்ப நான் புடிச்சுக்கிடுதேன். இல்ல இல்ல, வெரல எடுக்காதீங்க. அப்படியே வச்சுக்கிட்டு வாங்க. இன்னும் இருவது அடிதான். இந்தா நாலாம் தடம். அஞ்சு வர பேசிக்கிட்டே வாரேன்.